கொள்திறன் என்ற சொல்லைத் தேடியபோது

தொழில்நுட்பக் கையேடுகளைத் தமிழாக்கம் செய்வது என் தொழில். ஒரு கலைச்சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல்லை முடிவு செய்யும்போதெல்லாம், எதை விட்டு எதை எடுத்தேன், ஏன் எடுத்தேன் என்பதை இரண்டு மூன்று வரிகளில் குறிப்புக் கோப்பு ஒன்றில் எழுதி வைப்பது தொடக்கத்திலிருந்தே என் வழக்கம். அப்படிச் சேர்ந்த கோப்புகள் இன்று ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. ஆண்டுவாரியாகக் கோப்புறைகள் பிரித்து வைத்திருந்தாலும், எந்தச் சொல்லை எந்த ஆண்டில் அலசினேன் என்பது நினைவில் நிற்பதில்லை. ஆகவே, கோப்புகளுக்குள் புகுந்து உரையைத் தேடித் தரும் மென்பொருள் இல்லாமல் என் வேலை ஒரு நாளும் நகராது.

சில மாதங்களுக்கு முன் மின்கலங்களைப் பற்றிய கையேடு ஒன்று வந்தது. ‘கொள்ளளவு’ என்று எழுதுவதா, ‘கொள்திறன்’ என்று எழுதுவதா என்ற கேள்வி முதல் பக்கத்திலேயே எழுந்தது. இதே கேள்வியை முன்பு ஒருமுறை தீர்த்துக் காரணத்தையும் எழுதி வைத்தது எனக்குத் தெளிவாக நினைவிருந்தது. தேடல் கருவியைத் திறந்து, குறிப்புகள் அனைத்தும் அடங்கிய கோப்புறையைக் காட்டி, ‘கொள்திறன்’ என்று தட்டச்சு செய்தேன். சில நொடிகளில் பதில் வந்தது: எதுவும் கிடைக்கவில்லை. எழுத்துப் பிழையோ என்று மறுபடி தட்டினேன்; அதே பதில். அன்று மாலைக்குள், அந்தக் குறிப்பை நான் எழுதவே இல்லை போலும் என்று நம்பிவிட்டேன். பழைய காரணங்களை முதலிலிருந்து யோசித்து எழுதவும் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் காலையில், சொல்லின் முதலெழுத்தை விட்டுவிட்டு ‘ள்திறன்’ என்ற பின்பகுதியை மட்டும் கொடுத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கோப்பு வந்தது. திறந்தால் அதில் ‘கொள்திறன்’ ஆறு இடங்களில் இருந்தது. கண்ணுக்குத் தெரியும் சொல் கருவிக்கு ஏன் தெரியவில்லை என்ற கேள்வியை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. கோப்பில் உள்ள பைட்களை, அதாவது கணினி எழுத்துகளைச் சேமிக்கும் சிற்றலகுகளை, எண்களாகக் காட்டும் தொகுப்பி ஒன்றில் அதைத் திறந்து, நான் தட்டிய சொல்லையும் கோப்பில் இருந்த சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நான் தட்டியது 27 பைட். கோப்பில் இருந்தது 30 பைட். திரையில் இரண்டும் ஒரு புள்ளி கூட மாறாத ஒரே சொல்.

வேறுபாடு ‘கொ’ என்ற முதலெழுத்தில் இருந்தது. உலக மொழிகளின் எழுத்துகளுக்கு எண் தரும் தரமான ஒருங்குறியில் (யூனிகோட்) தமிழுக்கு 2944 முதல் 3071 வரையுள்ள எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் ‘க’ என்பது 2965. அதைச் சுற்றி இருபுறமும் நிற்கும் ஒகரக் குறிக்கு 3018 என்ற ஒரே எண் உண்டு. என் விசைப்பலகை அதைத்தான் எழுதுகிறது. ஆனால் ஒற்றைக்கொம்புக்கு 3014, துணைக்காலுக்கு 3006 என்று தனித்தனி எண்களும் இருப்பதால், இவ்விரண்டையும் அடுத்தடுத்து எழுதினாலும் திரையில் அதே ‘கொ’ வந்து நிற்கும். பழைய எழுத்துருவில் இருந்த குறிப்புகளை ஒருங்குறிக்கு மாற்றித் தந்த ஒரு மாற்றி, எல்லா ஒகர ஓகார எழுத்துகளையும் இப்படி இரண்டு குறிகளாகப் பிரித்தே எழுதியிருந்தது. இரு வடிவங்களும் சமமானவை என்று ஒருங்குறித் தரமே சொல்கிறது. ஒன்றை மற்றொன்றாக ஆக்கும் இயல்பாக்க முறையையும் அது வகுத்திருக்கிறது. ஆயினும் கோப்புகளுக்குள் தேடும் கருவிகளில் பெரும்பாலானவை அந்த வேலையைச் செய்வதில்லை. அவை கொடுத்த பைட் வரிசையைக் கோப்பின் பைட் வரிசையோடு ஒப்பிடும்; ஒத்தால் சொல்லும், ஒவ்வாவிட்டால் அடுத்த கோப்புக்குப் போய்விடும்.

‘எதுவும் கிடைக்கவில்லை’ என்ற பதிலை நான் அதுவரை தவறாகவே படித்து வந்திருக்கிறேன். ‘இந்தப் பைட் வரிசை, நான் திறந்து பார்த்த கோப்புகளில், நான் படிக்கத் தெரிந்த வடிவில் இல்லை’ என்பதுதான் அந்தப் பதிலின் பொருள். அதில் உள்ள மூன்று நிபந்தனைகளில் எது பொய்த்தாலும், இருக்கும் சொல் இல்லாததாகிவிடும். கோப்புத் தேடலைப் பற்றி எழுதுவோர் பலரும் வேகத்தைப் பற்றியே எழுதுகிறார்கள். என்னைப் போல் பழைய எழுத்துகளை நம்பி வாழ்பவருக்கு வேகம் இரண்டாம்பட்சம். இல்லை என்ற பதிலை எப்போது நம்பலாம் என்பதே முதல் கேள்வி.

இந்த வகைக் கருவிகளின் மூதாதை ‘கிரெப்’. யூனிக்ஸ் இயங்குதளத்துக்காகக் கென் தாம்சன் எழுதிய இது, 1973-இல் வந்த நான்காம் பதிப்பில் இடம்பெற்றது. ‘ஈடி’ என்ற பழைய வரித் தொகுப்பியில், கோப்பு முழுவதும் ஒரு வடிவைத் தேடி அது வரும் வரிகளை அச்சிடு என்பதற்கான கட்டளையின் எழுத்துகளே அதற்குப் பெயராயின. ஒவ்வொரு கோப்பையும் திறந்து, தலை முதல் அடி வரை படித்து, பொருந்தும் வரியைத் தருவது என்ற அதன் வேலைமுறை இன்றும் மாறவில்லை. விண்டோஸில் ஆஸ்ட்ரோகிரெப், கிரெப்வின் போன்ற சாளரம் கொண்ட கருவிகளும், நோட்பேட்++ தொகுப்பியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஃப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் வரும் கோப்புகளில் தேடும் வசதியும், ஆண்ட்ரூ கேலன்ட் 2016-இல் வெளியிட்ட ரிப்கிரெப்பும் இதே குடும்பம்தான். வேகம் கூடியதற்குக் காரணமான உத்திகளில் ஒன்றைப் பாயர், மூர் என்ற இருவர் 1977-இல் வெளியிட்டனர். தேடும் சொல்லில் எட்டு எழுத்துகள் இருந்தால், உரையில் முதலில் எட்டாவது இடத்தைப் பார். அங்குள்ள எழுத்து நம் சொல்லில் எங்குமே வராதது என்றால், எட்டு இடங்களையும் ஒரேயடியாகத் தாண்டிவிடலாம். உரையின் பெரும்பகுதியைப் படிக்காமலேயே தேடி முடிக்கும் இந்த யோசனையின் அழகு எனக்கு இன்றும் அலுக்கவில்லை. ஒருங்குறி எண்களைப் பைட்களாக்கிச் சேமிக்கும் யு.டி.எஃப்-8 முறையில் எழுதிய தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட். முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175, மூன்றாவதுதான் ஆளுக்கு ஆள் வேறு. பைட் பைட்டாக ஒப்பிடும் கருவிக்குத் தமிழ் உரை முழுவதும் ஒரே முகச்சாயல் கொண்ட கூட்டமாகத் தெரியும்.

இன்னொரு குடும்பம் அட்டவணையிட்டுத் தேடுவது. கருவி முன்கூட்டியே எல்லாக் கோப்புகளையும் ஒருமுறை படித்து, எந்தச் சொல் எந்தக் கோப்பில் வருகிறது என்று, நூலின் பின்னால் இடும் சொல்லடைவைப் போல ஒன்றைத் தயாரித்து வைத்துக்கொள்ளும். நாம் தேடும்போது கோப்புகளைத் திறக்காமல் அந்தச் சொல்லடைவை மட்டும் பார்த்துப் பதில் சொல்லும். 2004-இல் வந்து 2011-இல் நிறுத்தப்பட்ட கூகுள் டெஸ்க்டாப், 2005-இல் மேக் கணினிகளில் அறிமுகமான ஸ்பாட்லைட், விண்டோஸ் தேடல், லூசீன் நூலகத்தின் மேல் கட்டப்பட்ட டாக்ஃபெட்சர், லினக்ஸ் பயனர்கள் விரும்பும் ரீகால் ஆகியவை இந்த வகை. பதில் உடனே வரும், வேர்டு, பி.டி.எஃப். கோப்புகளையும் இவை பிரித்துப் படிக்கும். ஆனால் சொல்லடைவில் ஏறாத எதுவும் இவற்றுக்கு உலகிலேயே இல்லாதது. விண்டோஸ் தேடலின் மேம்பட்ட விருப்பங்களில், ஒவ்வொரு கோப்பு வகைக்கும் பெயர் முதலிய பண்புகளை மட்டும் அட்டவணையிடுவதா, உள்ளடக்கத்தையும் சேர்ப்பதா என்று தனித்தனியாகக் குறிக்கும் இடம் இருக்கிறது. நான் அதை முதன்முதலில் திறந்து பார்த்தபோது, என் குறிப்புகளுக்கு நானே வைத்துக்கொண்ட கோப்பு நீட்டிப்பு, பண்புகள் மட்டும் என்ற பக்கத்தில் இருந்தது. அவ்வளவு காலமும் நான் அங்கே தேடியது வெறும் கோப்புப் பெயர்களைத்தான்.

நேரடியாகப் படித்துத் தேடும் கருவிகளிலும் திறக்காமல் விடப்படும் கோப்புகள் உண்டு. ரிப்கிரெப் நிரலாளர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பதால், மறைக்கப்பட்ட கோப்புகளையும், நிரல்களின் பதிப்புகளைப் பேணும் கிட் கருவிக்குப் புறக்கணிக்கச் சொல்லியிருக்கும் கோப்புகளையும், உரையல்லாத இருமக் கோப்புகளையும் தானாகவே தாண்டிச் செல்லும். எதையும் விடாதே என்று சொல்ல, ‘யு’ என்ற விருப்பத்தை மூன்று முறை சேர்த்துக் கொடுக்க வேண்டும். மேகச் சேமிப்பில் மட்டும் இருந்து, கணினியில் பெயரளவுக்குக் காட்சி தரும் கோப்புகளிலும் தேடுவதற்கு உரை எதுவும் வட்டில் இருப்பதில்லை.

அடுத்தது, திறந்தும் படிக்க முடியாத கோப்புகள். வேர்டு 2007 முதல் வழக்கத்துக்கு வந்த டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். அதன் ஒரு பிரதியை எடுத்து, நீட்டிப்பை ஜிப் என்று மாற்றித் திறந்தால், உள்ளே சில கோப்புறைகளும், அவற்றில் ஒன்றில் நாம் எழுதிய உரையைத் தாங்கிய எக்ஸ்.எம்.எல். கோப்பும் இருக்கக் காணலாம். உரை சுருக்கப்பட்டிருப்பதால் கிரெப் போன்ற கருவிகள் வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரு சொல்லும் அகப்படாது. பொட்டலத்தைப் பிரித்துப் போட்டு எக்ஸ்.எம்.எல். கோப்பிலேயே தேடினாலும் முழு நிம்மதி இல்லை. ஒரு சொல்லின் பாதியைத் தடித்த எழுத்தாக்கியிருந்தாலோ, இடையில் திருத்தம் செய்திருந்தாலோ, அந்தச் சொல் இரண்டு குறிச்சொற்களுக்கு நடுவே துண்டாகிக் கிடக்கும். இத்தகைய கோப்புகளைப் பிரித்து, துண்டுகளை ஒட்டி, உரையாக்கித் தேடும் கருவியே இங்கே வேண்டும்.

பி.டி.எஃப். இன்னும் கடினமானது. அது பக்கம் எப்படித் தெரிய வேண்டும் என்பதை விவரிக்கும் வடிவம். எந்த வடிவெழுத்தை எந்த இடத்தில் வரைவது என்பதே அதற்கு முக்கியம். வடிவெழுத்துகளை ஒருங்குறி எண்களோடு இணைக்கும் பட்டியல் கோப்புக்குள் சரியாக இருந்தால்தான் உரையை மீட்க முடியும். தமிழில் ‘கெ’ என்பதில் கொம்பு முதலில் வரையப்படுகிறது, ககரம் பிறகு வரையப்படுகிறது. ஒருங்குறியிலோ ககரம் முதலில், கொம்பு பிறகு. வரைந்த வரிசையிலேயே உரையை எடுத்துத் தரும் பி.டி.எஃப்.களில், எகர ஏகார ஐகாரச் சொற்கள் எல்லாம் குறி முன்னே தொங்கிய நிலையில் கிடக்கும், தேடினால் வராது. எந்த பி.டி.எஃப். கோப்பானாலும் அதிலிருந்து ஒரு பத்தியை நகலெடுத்து வெற்றுத் தொகுப்பியில் ஒட்டிப் பார்ப்பதே நான் செய்யும் முதல் சோதனை. ஒட்டியது எப்படி இருக்கிறதோ, அதுதான் தேடல் கருவிக்குத் தெரியும் முகம். வருடி எடுத்த படங்களால் ஆன பி.டி.எஃப். என்றால் ஒட்டுவதற்கே எதுவும் வராது. டெசராக்ட் போன்ற எழுத்துணரியை ஓட்டி உரை அடுக்கு ஒன்றைச் சேர்த்த பிறகே தேட முடியும். டெசராக்ட் தமிழையும் அறியும் என்பது எனக்குப் பேருதவி.

இனி, என் கோப்புகளில் அதிகம் தொல்லை தந்த குறியாக்கச் சிக்கல். ஒருங்குறி பரவுவதற்கு முன் எழுதிய தமிழ் பல உருவங்களில் கிடக்கிறது: டிஸ்கி, டாப், டாம், இவை தவிர ஒவ்வோர் எழுத்துரு நிறுவனமும் வைத்துக்கொண்ட தனி ஏற்பாடுகள். இவற்றுள் பாமினி ஏற்பாட்டில் எழுதிய கோப்பு என்னிடம் ஏராளம். அதில் தமிழ் என்று கோப்புக்குள் எதுவும் இல்லை. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன, எழுத்துரு அவற்றைத் தமிழாக வரைந்து காட்டுகிறது. ‘அம்மா’ என்ற சொல் அங்கே எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஐந்து குறிகள். தேடும் பெட்டியில் ஒருங்குறியில் ‘அம்மா’ என்று எழுதினால் ஒரு காலும் கிடைக்காது. அந்த ஐந்து குறிகளையே எழுத வேண்டும். அப்போது இரண்டு இடங்களில் கவனம் தேவை. சிற்றெழுத்து எம் அகரம், பேரெழுத்து எம் ஆகாரம் என்பதால், எழுத்தளவைப் பொருட்படுத்தாதே என்ற விருப்பம் இயங்கிக்கொண்டிருந்தால் குறிலும் நெடிலும் ஒன்றாகிவிடும்; அதை நிறுத்தி வைக்க வேண்டும். ஜகரத்துக்குப் பாமினி இடது சதுர அடைப்புக்குறியைப் பயன்படுத்துகிறது. வடிவத் தேடலான ரெஜெக்ஸ் முறையில் அந்தக் குறிக்குத் தனிப் பொருள் உண்டு. ‘ஜனவரி’ என்று தேட முயன்று, அடைப்பு மூடப்படவில்லை என்ற பிழைச்செய்தியைப் பெற்ற பிறகுதான், பாமினிக் கோப்புகளில் எப்போதும் சாதாரண உரைத் தேடலையே பயன்படுத்த வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

ஒருங்குறியிலேயே இருந்தாலும் யு.டி.எஃப்-16 என்ற உருவில் சேமித்த கோப்புகள் தனிக்கூட்டம். விண்டோஸின் நோட்பேட் 2019-இல்தான் யு.டி.எஃப்-8-ஐ இயல்பான சேமிப்பு முறையாக்கியது. அதற்கு முன் தமிழைச் சேமிக்க ‘யூனிகோட்’ என்ற விருப்பத்தைத் தேர்ந்தெடுத்தவர்களின் கோப்புகள் எல்லாம் யு.டி.எஃப்-16. அவற்றில் தமிழ் ஒரு குறிக்கு இரண்டே பைட். வரி முறிவு, இடைவெளி ஆகிய இடங்களில் சுழியப் பைட் வரும். சுழியத்தைக் கண்டதும் கிரெப் அதை இருமக் கோப்பு என்று கருதிக்கொள்ளும். கோப்பின் தலையில் உருவைச் சொல்லும் அடையாளம் இருந்தால் ரிப்கிரெப் அதை உணர்ந்து சரியாகப் படிக்கும் என்பதே நான் அதற்கு மாறியதற்கு முதற்காரணம்.

எழுதியவர் கைப்பழக்கத்தால் வரும் மாறுபாடுகளும் உண்டு. ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்து ‘கெளரவம்’ என்று தட்டுவோர் மிகப் பலர். கண் இரண்டையும் ஒன்றாகவே படிக்கும், கருவி படிக்காது. இதை இயல்பாக்கமும் சரிசெய்யாது, ஏனெனில் ஒருங்குறியைப் பொறுத்தவரை இவை உண்மையிலேயே வெவ்வேறு சொற்கள். சிறப்பு ஸ்ரீ எழுத்தையும் ஸகரத்தில் தொடங்கி எழுதலாம், 2005-இல் ஒருங்குறியில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இவற்றைத் தேடும்போது இரு வடிவங்களையும் தேடிவிடுவதைத் தவிர வழியில்லை.

குறியாக்கம் எல்லாம் சரியாக அமைந்த பிறகும், தமிழ் இலக்கணம் தன் பங்கைக் கேட்கும். ‘மரம்’ என்று தேடினால் ‘மரத்தை’யும் ‘மரங்கள்’உம் வராது என்பது எல்லோரும் எதிர்பார்ப்பதுதான். ‘மரமும்’ வராது என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. ‘மரம்’ என்பதன் கடைசிக் குறி புள்ளி. ‘மரமும்’ என்பதில் அந்த இடத்தில் புள்ளி இல்லை, உகரம் இருக்கிறது. கடைசிப் புள்ளியை விட்டுவிட்டு ‘மரம’ என்று தேடினால் ‘மரம்’, ‘மரமும்’, ‘மரமாக’, ‘மரமே’ எல்லாம் வந்துவிடும், ஏனென்றால் ‘ம்’ என்பதும் உள்ளே மகரமும் புள்ளியும்தான். மெய்யெழுத்தில் முடியும் சொல்லைப் புள்ளி இல்லாமல் தேடும் இந்த ஒரே பழக்கம் எனக்குத் தந்த பயனுக்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல முடியாது. வேற்றுமை உருபுகளையும் சேர்த்துப் பிடிக்க, ரெஜெக்ஸில் ‘மர’ என்று எழுதி, அடைப்புக்குள் ‘ம’ அல்லது ‘த்த’ அல்லது ‘ங்க’ என்று மாற்றுகளைத் தருவேன். ‘மர’ என்று மட்டும் தேடினால் ‘மரபு’, ‘மரணம்’, ‘மரியாதை’ என்று தொடர்பில்லாதவை குவிந்துவிடும்.

முழுச் சொல் மட்டும் என்ற கட்டத்தைத் தமிழில் டிக் செய்வதை நான் அறவே விட்டுவிட்டேன். எழுத்து எது, எழுத்தல்லாதது எது என்று முடிவு செய்யும்போது, சில கருவிகள் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாகக் கொள்வதில்லை. பைத்தான் மொழியின் ரெஜெக்ஸ் நூலகமும் அப்படித்தான். அதற்கு ‘மரம்’ என்பதில் புள்ளிக்கு முன்பே சொல் முடிந்துவிடுகிறது. ரிப்கிரெப் பயன்படுத்தும் ரஸ்ட் மொழியின் நூலகம் இவற்றைச் சொல்லின் பகுதியாகவே எடுத்துக்கொள்கிறது. கருவிக்குக் கருவி மாறும் இந்த நடத்தையை ஒவ்வொரு முறையும் நினைவில் வைத்திருப்பதைவிட, முன்னும் பின்னும் இடைவெளியையோ நிறுத்தக்குறியையோ நானே எழுதிக் கொடுப்பது எளிதாக இருக்கிறது.

இப்போது ஒவ்வொரு பெரிய தேடலுக்கும் முன்னால் ஒரு சோதனையைச் செய்கிறேன். தேடப்போகும் கோப்புறையில், கோப்பு வகைக்கு ஒன்றாக நாலைந்து கோப்புகளைத் திறந்து, அவற்றில் இருப்பதை என் கண்ணால் கண்ட ஒரு சொல்லை எடுத்து, அதைக் கருவியில் தேடுகிறேன். அந்த நாலைந்தும் முடிவுப் பட்டியலில் வந்தால்தான் உண்மையான தேடலுக்குப் போவேன். ஒன்று விடுபட்டாலும், அந்த வகை முழுவதையும் கருவி காணவில்லை என்று எடுத்துக்கொண்டு காரணத்தைத் தேடுவேன். சோதனைச் சொல்லில் ஒகரமோ ஓகாரமோ ஒன்றாவது இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். இதற்கு இரண்டு நிமிடம்கூட ஆவதில்லை.

கொள்திறன் இருந்த கோப்பைப் போலவே பிரிந்த குறிகளோடு இருக்கும் கோப்புகள் எத்தனை என்று அறிய, 3014 அல்லது 3015, அதை அடுத்து 3006 என்ற வரிசையை ரெஜெக்ஸில் எழுதித் தேடினேன். 412 கோப்புகள் வந்தன. எல்லாமே அந்த மாற்றியின் வழியாக வந்தவை. மூலங்களைத் தொடாமல் அவற்றின் பிரதிகளை இயல்பாக்கி, தேடுவதற்கென்று தனிக் கோப்புறை ஒன்றில் அடுக்கி வைத்திருக்கிறேன். அந்தப் பழைய குறிப்பு நான்கு வரி. பாத்திரம் ஒன்றில் எவ்வளவு பொருள் அடங்கும் என்று பேசும் இடத்தில் கொள்ளளவு, ஒரு கருவி எவ்வளவு மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கவல்லது என்று பேசும் இடத்தில் கொள்திறன் என்று பிரித்து எழுதியிருந்தேன். மின்கலக் கையேட்டில் அதையே பின்பற்றினேன்.